முப்பத்தோராம் அத்தியாயம்

கிருபானந்தன் பன்னிரண்டு வருடங்களாக ஒரு நாவலைத் தொடங்கிக்கொண்டே இருந்தார். அவர் எழுதுகிறார் என்பது மொன்றியல் தமிழ் ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும். லாசாலில் அவர் இருக்கிற தெருவில் எல்லோருக்கும் அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மனிதர். விடிய ஆறரைக்கு மஞ்சள் பஸ்ஸை எடுத்து, ஒன்பது மணிக்குள் இரண்டு பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை இறக்கிவிட்டால், பின்னேரம் இரண்டரை வரைக்கும் அவருக்கு வேலையில்லை. பதினேழு வருடம் பார்த்த பிளாஸ்டிக் தொழிற்சாலை வேலையை விட்டு அவர் பஸ் ஓட்ட வந்ததே அந்த ஐந்து மணித்தியாலத்துக்காகத்தான்.

நாவல் எழுதப்போகிறேன் என்ற கதையை அவர் வெளியில் விட்டது ஒரு பிறந்தநாள் விழாவில். மண்டபத்தின் மூலையில் ஐந்தாறு ஆண்கள் கதிரைகளை வட்டமாகப் போட்டுப் பழைய கதைகள் கதைத்துக்கொண்டிருந்தபோது, "இதெல்லாத்தையும் வைச்சு ஒரு நாவல் எழுதலாமெண்டு யோசிக்கிறன்" என்று சொல்லிவிட்டார். பிறகு அவரைக் கண்டவர்களெல்லாம் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் கடலில் பதினொரு நாள் கிடந்து கரை சேர்ந்தவர். இன்னொருவர் கோட்-தெ-நேஜ் பகுதியில் ஒரே அறையில் ஒன்பது பேரோடு முறை வைத்துப் படுத்தவர். ஒரு பெண், வழியில் பிரிந்துபோன தன் தங்கச்சியைப் பற்றி, சுப்பர்மார்க்கெட்டில் மரக்கறித் தட்டுக்கு முன்னால் நின்றபடியே முக்கால் மணித்தியாலம் சொன்னாள். முடிவில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "அண்ணை, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ."

கிருபானந்தனுக்கு ஒருவருக்கும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினார். பதினாறு கொப்பிகள் நிறைந்தன. மூன்று சப்பாத்துப் பெட்டிகள் முழுக்கத் துண்டுக் காகிதங்கள். மகள் பிரியந்தி ஒரு கோடை விடுமுறையில், அவர் வாசிக்க வாசிக்க எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் கணினியில் ஏற்றி, ஆட்களுக்கு ஒரு நிறம், ஊர்களுக்கு ஒரு நிறம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தாள். நான்கு தலைமுறை, நாற்பத்தாறு அத்தியாயங்கள், நூற்றுப் பன்னிரண்டு ஆட்கள்.

"அப்பா, இது டூ மச்" என்றாள் பிரியந்தி.

"எல்லாம் நடந்தது, பிள்ளை. இதிலை எதை எடுத்து எறியிறது?"

குணேஸ்வரி கணவனுடைய எழுத்து விஷயத்தில் தலையிடுவதில்லை. ஒரேயொரு முறை மட்டும், உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது, "ஒண்டைப் பிடிச்சு எழுதுங்கோவன்" என்றாள்.

"ஒண்டைப் பிடிச்சா மற்றதெல்லாம் விட்டுப்போகும்."

அவள் அடுத்த சட்டையை எடுத்து மடித்தாள்.

ஒவ்வொரு நாளும் அவர் லாசால் நூலகத்துக்குப் போய், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, ஒரு முதல் வசனம் எழுதுவார். இரண்டாவது வசனம் எழுதப் போகும்போது, இதற்கு முதல் நடந்ததைச் சொல்லாமல் இது விளங்காதே என்று தோன்றும். அதை எழுதப் போனால் அதற்கும் முதல் ஒன்று இருக்கும். அப்படியே பின்னுக்குப் போய்ப் போய் பூட்டனாருடைய பாய்க்கப்பலில் வந்து நிற்பார். மணி இரண்டாகிவிடும். கொப்பியை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார். இப்படி நாற்பத்து மூன்று முதல் வசனங்கள் அவரிடம் சேர்ந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி றெஜினா மதியச் சாப்பாட்டுக்கு வருவார். கிருபானந்தனுடைய அண்ணன் இரவிச்சந்திரனின் மனைவி. குருநகர்க் கத்தோலிக்கப் பெண். இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கலியாணம் முடித்தவர். இரவிச்சந்திரன் சங்கக்கடையில் மனேஜராக இருந்தார். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதம், ஒரு காலையில், கடைத் திறப்புக் கொத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனார். சோதனைச் சாவடியில் அவரை மறித்ததை இரண்டு பேர் கண்டார்கள். அதற்குப் பிறகு அவரைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளைகள் இல்லாத றெஜினா ஐந்து வருடம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிவிட்டு, மொன்றியலுக்கு அகதியாக வந்து, ஒரு தையல் தொழிற்சாலையில் காலர் தைத்து ஓய்வு பெற்றார். கிருபானந்தன் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி ஓர் அறை வீட்டில் தனியாக இருந்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் சோற்றைப் பிசைந்தபடி அவர் கேட்பார்: "துவங்கீட்டீரோ?"

"ஓம் அண்ணி. போகுது" என்பார் கிருபானந்தன்.

முதல் தடவை அந்தப் பொய்யை ஏன் சொன்னார் என்று அவருக்கே ஞாபகமில்லை. பிறகு அதை மாற்ற வழியில்லாமல் போய்விட்டது.

போன வருடம் ஐப்பசியில் றெஜினாவுக்கு முதுகு வலி என்று தொடங்கியது. கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். சிகிச்சை வேண்டாம் என்று அவரே சொன்னார். மூன்றாவது கிழமை ஆஸ்பத்திரியில் தனி அறை ஒன்று கொடுத்தார்கள். கிருபானந்தன் காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நூலகத்துக்குப் பதிலாக அங்கே போகத் தொடங்கினார்.

இரண்டாம் நாள் றெஜினா சொன்னார்: "நாளைக்கு வரேக்கை உம்மடை நாவலைக் கொண்டுவாரும். இருந்து வாசிச்சுக் காட்டும். இவ்வளவு காலமும் நான் கேக்கேல்லை."

அன்று வீட்டுக்குப் போய் அவர் தன்னிடமிருந்த தொடக்கங்களில் மூன்றைத் தெரிந்தெடுத்தார். கொஞ்சம் நீளமானவை. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வரும்.

அடுத்த நாள் வாசித்தார். முதலாவதில் பூட்டனாருடைய கப்பல் துறைமுகத்தை விட்டுப் போனது. றெஜினா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது ஆர்?"

"எங்கடை பூட்டனார், அண்ணி."

"ம். மற்றதை வாசியும்."

இரண்டாவதில் ஒரு பெண் மலாயாவிலிருந்து வந்த பென்சன் கடிதத்தைப் பிரித்தாள். மூன்றாவதில் ஓர் இளைஞன் மொன்றியல் விமான நிலையத்தில் கம்பளிச் சட்டை இல்லாமல் இறங்கினான். வாசித்து முடித்தபோது றெஜினா கண்ணைத் திறந்திருந்தார்.

"இதிலை அவர் எங்கை?"

அவர் யாரைக் கேட்கிறார் என்று கிருபானந்தனுக்குத் தெரியும். இரவிச்சந்திரனின் பெயரை றெஜினா ஒருநாளும் சொன்னதில்லை.

"அண்ணை பேந்து வருவார். முப்பத்தோராம் அத்தியாயத்திலை."

"இப்ப எத்தினையாவதிலை நிக்கிறீர்?"

கிருபானந்தன் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். "முதலாவது" என்றார். பிறகு, "முதலாவதும் இல்லை, அண்ணி. இந்தத் துவக்கங்கள்தான் இருக்கு. நான் இவ்வளவு நாளும் உங்களுக்குப் பொய் சொன்னனான்" என்றார்.

றெஜினா கையைக் காட்டித் தாள்களைக் கீழே வைக்கச் சொன்னார்.

"முப்பத்தொண்டு வருமட்டும் நான் இருக்கமாட்டன், தம்பி."

தாதி ஒருத்தி "பொன்ஜூர், மதாம்" என்று உள்ளே வந்து, சேலைன் பையை மாற்றி, தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அவள் போனதும் றெஜினா கேட்டார்:

"ஏன் முப்பத்தொண்டு?"

"அது காலவரிசைப்படி வருகுது, அண்ணி. ஐம்பதுகள், எழுபதுகள், பிறகு எண்பத்துமூண்டு, அப்பிடி..."

"அப்ப உம்மடை கடிதம் எத்தினையாம் அத்தியாயத்திலை வருகுது?"

அந்தக் கடிதத்தைப் பற்றி முப்பது வருடமாகக் கிருபானந்தன் ஒருவருக்கும் சொல்லவில்லை. குணேஸ்வரிக்குக்கூடத் தெரியாது. அண்ணன் அதைத் தனக்குள் வைத்துக்கொண்டார் என்றே நம்பியிருந்தார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தை மாதம் இரவிச்சந்திரன் எழுதியிருந்தார்: எங்களையும் அங்கே கூப்பிட ஏதாவது வழி இருக்குமா, யாரையாவது விசாரித்துப் பார். அப்போது ஊரில் சண்டை நிறுத்தம். கிருபானந்தன் மாசியில் பதில் எழுதினார்: இங்கே குளிர் தாங்கமாட்டாய், மொழி தெரியாது, சமாதானம் வரப்போகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவசரப்படாதே, கொஞ்ச நாள் பொறு. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அவர் அதை எழுதிய காரணம் வேறு. அண்ணன் சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, சட்டை தெரிந்தெடுத்துக் கொடுத்து, யாரோடு பழகலாம் என்று சொல்லி வளர்த்தவர். மொன்றியலில் ஆறு வருடம் யாருக்கும் தம்பியாக இல்லாமல் இருந்து கிருபானந்தனுக்குப் பழகிவிட்டது. அண்ணன் வந்தால் மறுபடியும் தம்பியாக வேண்டும். அதை அவர் விரும்பவில்லை. யாரையும் விசாரிக்கவும் இல்லை.

அந்த வருடமே சண்டை திரும்பத் தொடங்கி, ஐப்பசியில் ஊரே இடம்பெயர்ந்தது. அடுத்த ஆடியில் அண்ணன் இல்லை.

"உங்களுக்குத் தெரியுமோ?" என்றார் கிருபானந்தன்.

"கடிதம் வந்த அண்டைக்கே எனக்கு வாசிச்சுக் காட்டினவர்."

"ஒருநாளும் கேக்கேல்லையே, அண்ணி."

"கேட்டு என்ன செய்யிறது? நீர் என்ரை சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் ஓடித் திரிஞ்சீர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூட்டிக்கொண்டு போனீர். அதெல்லாம் ஏனெண்டு எனக்குத் தெரியும்."

கிருபானந்தன் முகத்தைப் பொத்திக்கொண்டார். றெஜினா கையை நீட்டி அவரைத் தொட முயன்றார். கட்டிலின் கம்பி இடைஞ்சலாக இருந்ததால் எட்டவில்லை.

"அந்தக் கடிதத்துக்குப் பிறகு அவர் வெளிநாட்டுக் கதையே எடுக்கேல்லை. அது உண்மை. உமக்கு ஆறுதலுக்காக நான் அதை மாத்திச் சொல்லமாட்டன். ஆனா உம்மோடை எனக்குக் கோவம் இருந்தது. அது போய்க் கனகாலம். ஊர் முழுக்க எழுதுறீர். பூட்டனாரை எழுதுறீர். இதை விட்டிட்டு எழுதினா அது அவரின்ரை கதை இல்லை, தம்பி."

அன்று பின்னேரம் அவர் பஸ் ஓட்டியபோது, முன் இருக்கையில் இருக்கிற சிறுமி, "மெசியே கிருபா, சா வா?" என்று இரண்டு தரம் சுகம் கேட்டாள். "சா வா, சா வா" என்று சொல்லி வீதியையே பார்த்து ஓட்டினார்.

அடுத்த நாள், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன், பஸ் நிறுத்துகிற வளவில், ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்து எழுதினார். வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. ஹீட்டரை நிறுத்தியதும் விரல் விறைத்தது. "அண்ணனுக்கு அந்தக் கடிதத்தை எழுதியபோது எனக்கு இருபத்தொன்பது வயது" என்று எழுதினார். இதற்கு முதல் என்ன என்ற கேள்வி எழவில்லை. அடுத்த வசனம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஒரு பக்கத்துக்கு மேல் முடியாமல் நிறுத்தினார்.

கடிதம் போய்ச் சேர்ந்த நாளை எழுத வேண்டிவந்தபோது அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அதை றெஜினாவிடம்தான் கேட்க வேண்டும். அப்படி ஒன்பது நாள் நடந்தது. காலையில் ஒரு பக்கமோ ஒன்றரையோ எழுதுவார். பத்து மணிக்கு அறைக்குப் போய் வாசிப்பார். றெஜினா திருத்துவார்.

"கிணத்துக் கட்டிலை இருந்து சைக்கிள் செயின் துடைச்சுக்கொண்டிருந்தவர். கதிரையிலை இல்லை. அவர் எப்ப கதிரையிலை இருந்தவர்?"

"என்ன சமையல் அண்டைக்கு?"

"கணவாய்க் கறி. சைவக்காரன், என்னைக் கட்டின பிறகு பழகினது. கருவாட்டுக்குக்கூட மூக்கைப் பொத்தின மனிசன்." றெஜினா சிரித்தார். சிரித்தது வலித்தது. வலி அடங்கும் வரை கிருபானந்தன் காத்திருந்தார்.

"வாசிச்சு முடிச்சு என்ன சொன்னவர்?"

"அவன் சொல்லுறதும் சரிதான் எண்டார். மடிச்சுச் சேட்டுப் பொக்கற்றிலை வைச்சார். ரெண்டு நாள் கழிச்சு எங்கையோ போய் ரெண்டு தென்னம்பிள்ளை வாங்கிக்கொண்டு வந்து கிணத்தடியிலை நட்டவர்."

கிருபானந்தனின் பேனை நின்றது.

"ஊரிலையே இருக்கப் போறமெண்டு முடிவெடுத்திட்டார், தம்பி. அதையும் போடும்."

அதை எழுத அவருக்கு மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளில் றெஜினா விழித்திருக்கிற நேரம் குறைந்துகொண்டு வந்தது. சில வேளை கேட்டுக்கொண்டிருக்கும்போதே நித்திரையாகிவிடுவார். கிருபானந்தன் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். கண் திறந்ததும், "விட்ட இடத்திலையிருந்து வாசியும்" என்பார்.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் அவர் போனபோது றெஜினா எழும்பவே இல்லை. மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. புதிதாக எழுதிய தென்னம்பிள்ளைப் பக்கங்கள் சட்டைப் பைக்குள் இருந்தன. அவர் அவற்றை எடுத்து, கேட்கிறதோ இல்லையோ என்று, மெதுவாக வாசித்தார். ஒரு பக்கத்துக்கு மேல் அவரால் முடியவில்லை. ஒரு மணிக்குப் பிரியந்தி வேலையிலிருந்து வந்தாள். "நீங்கள் போங்கோ அப்பா, நான் பெரியம்மாவோடை இருக்கிறன்" என்றாள். பதிலுக்கு ஓட்ட அன்று ஒருவரும் இல்லை. போனார்.

பஸ்ஸில் இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஐந்தாவது தரிப்பைத் தாண்டியபோது பொக்கற்றில் போன் அதிர்ந்து நின்றது. ஓடும்போது எடுக்கக் கூடாது. எடுக்காமலே அவருக்குத் தெரிந்தது. இன்னும் பதின்மூன்று தரிப்புகள் இருந்தன. வீதியெல்லாம் பனி. ஒவ்வொரு தரிப்பிலும் சிவப்பு விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து, பிள்ளை வீதியைக் கடந்து தாயிடமோ தகப்பனிடமோ சேரும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். "பொன் வீக்கென், மெசியே கிருபா" என்று ஒவ்வொன்றும் வார இறுதிக்கு வாழ்த்துச் சொல்லி இறங்கியது. அவரும் ஒவ்வொன்றுக்கும் "பொன் வீக்கென்" சொன்னார். வளவுக்கு வந்து, யாராவது நித்திரையில் இருக்கிறார்களா என்று விதிப்படி கடைசி இருக்கை வரைக்கும் நடந்து பார்த்தார். அந்தக் கடைசி இருக்கையிலேயே உட்கார்ந்து போனை எடுத்தார்.

பிரியந்தி தமிழ் எழுத்துத் தெரியாதவள். ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தாள். பெரியம்மா போயிட்டா அப்பா. நோகேல்லை.

றெஜினாவைக் கத்தோலிக்க முறைப்படி அடக்கம் செய்தார்கள். தேவாலயத்துக்கு எழுபது பேர் வரை வந்தார்கள். கோப்பி குடிக்கிற நேரத்தில், கடலில் பதினொரு நாள் கிடந்த மனிதர் கிருபானந்தனிடம் வந்தார்.

"அண்ணை, புத்தகம் எந்த மட்டிலை? எங்கடை பயணமும் வருகுதுதானே?"

கிருபானந்தன் வழக்கம்போல ஓம் என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு, "இல்லை, தம்பி. இதிலை வராது. என்ரை அண்ணையின்ரை கதை மட்டும்தான் எழுதுறன்" என்றார்.

அந்த மனிதர் தலையாட்டினார். கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அப்பால் போனார். பிறகு அவர் கிருபானந்தனுக்கு போன் எடுக்கவில்லை. கடையில் கண்டாலும் வேறு பக்கம் பார்க்கிறார். கிருபானந்தனுக்கு அது வலிக்கத்தான் செய்கிறது. அந்த மனிதரோடு வந்து கடலில் இறந்துபோன இரண்டு பேரின் பெயர்களும் கொப்பியில் இருக்கின்றன. அவர்களை எழுத இனி தனக்குக் காலம் வாய்க்குமோ என்று தெரியவில்லை. கொப்பிகளை அவர் எறியவில்லை. எடுத்துப் பார்ப்பதும் இல்லை.

அடக்கம் நடந்த அன்றிரவே குணேஸ்வரிக்குக் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "இதையோ இவ்வளவு காலமும் தனியக் காவிக்கொண்டு திரிஞ்சனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். சில நாட்கள் கழித்து, எழுதியதைத் தாருங்கோ என்று கேட்டு வாங்கி, குசினி மேசையில் இருந்து வாசித்தாள். அதற்குப் பிறகு அவர் எழுதுகிற ஒவ்வொரு பக்கத்தையும் அவள் வாசிக்கிறாள்.

இந்தப் புரட்டாதி மாதம் பக்கம் நூற்று முப்பத்தெட்டு. அண்ணன் புறப்பட்டுப் போன காலை வந்துவிட்டது. கிணற்றடியில் முகம் கழுவினார். தேத்தண்ணி குடித்தார். கடைத் திறப்பை எடுத்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசல் படலைக்கு வந்தார். இவ்வளவும் றெஜினா சொன்னவை. அந்த இடத்தில் கிருபானந்தன் மூன்று கிழமையாக நிற்கிறார்.

"என்ன, பக்கம் ஒண்டும் காணேல்லை?" என்று கேட்டாள் குணேஸ்வரி.

"படலையைச் சாத்திப்போட்டுப் போனவரோ, திறந்தபடி விட்டிட்டுப் போனவரோ எண்டு தெரியேல்லை."

"ஏதோ ஒண்டைப் போடுங்கோவன். ஆருக்குத் தெரியப் போகுது?"

"அண்ணிக்குத் தெரியும். ஒன்பது நாளும் பக்கத்திலை இருந்தனான். கேக்கத் தோணேல்லை."

குணேஸ்வரி அடுப்பைக் குறைத்துவிட்டு அவருக்கு எதிரே வந்து இருந்தாள். "அப்ப தெரியாதெண்டே எழுதுங்கோ" என்றாள்.

மறுநாள் காலை, பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு, அவர் வளவில் பஸ்ஸை நிறுத்தி எழுதினார். அண்ணன் படலையைச் சாத்திவிட்டுப் போனாரா என்பது எனக்குத் தெரியாது; தெரிந்த ஒருவர் இருந்தார்; நான் கேட்கவில்லை. இந்த ஒரு வசனத்துக்குக் காலை முழுவதும் போனது. அதற்கு மேல் அன்று ஒன்றும் வரவில்லை. இரண்டரைக்கு, கண்ணாடிகளைத் துடைத்து, பஸ்ஸை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்.